பூவலிங்கத்தோட வால்

...சுவரு, சுவருன்னு காலையிலேருந்து கேட்டுக் காது வலிக்குது எனக்கு. உங்க குடியிருப்புல ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவுல சுவர் எழுப்பப் போறீங்க, முதல் செங்கல்லை நான் வைக்கணுமாம். வைக்கிறேங்க. அதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை இருக்கு, கேட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க.

நம்ம உடம்புல கோடிக்கணக்குல செல் இருக்கு இல்லையா? அதுல ஒண்ணுக்குள்ள போவோம். உள்ள பூரா புரதங்க. ஆளுக்கொரு வேலை. சங்கிலி மாதிரி நீளமாப் பிறந்து, துணி மாதிரி மடிஞ்சுதான் உருவம் எடுப்பாங்க. அங்க புதுசா பிறந்தவன் பூவலிங்கம். மேல்பாதி இஸ்திரி போட்ட மாதிரி ஒழுங்கா மடிஞ்சிருக்கு. கீழ்பாதி...? மடியவே இல்ல. அவுந்த வேட்டி முனை மாதிரி தொங்குது. வாலு.

மத்தவங்க எல்லாம் முழுசா மடிஞ்ச பெரிய மனுஷங்க. சும்மா விடுவாங்களா? போற இடத்துலெல்லாம் இவன் வால் தட்டுது, ஒட்டுது, மிதிபடுது. கிண்டல் தாங்காம அழுதுட்டான் பாவம். புரதத்தை வெட்டுறதுக்குன்னே செல்லுக்குள்ள ஒரு கத்திரிக்காரர் உண்டு. அவர்கிட்ட போயி, இந்த வாலை எடுத்துடுங்கன்னு கெஞ்சினான். அவரு நிமிர்ந்துகூடப் பாக்கல. கூட்டமா இருக்கு, வரிசையில உக்காருன்னுட்டாரு.

உக்காந்தான்... உக்காந்தான்... அப்பப் பாத்து வந்துச்சு காய்ச்சல். செல்லே கொதிக்குது. புரதம் செய்யறதுக்கான உத்தரவைச் சுமக்குற ஆர்.என்.ஏ. எல்லாம் நூல் நூலா மிதக்குது. அதுங்க பிஞ்சு போனா செல்லோட கதை முடிஞ்சுது. உடனே சில புரதங்க அந்த நூலை எல்லாம் அள்ளிக்கிட்டு ஒரே சொட்டாத் திரண்டு நின்னுட்டாங்க. ரசத்து மேல எண்ணெய் திரளுமே, அப்படி.

பூவலிங்கமும் ஒரு நூலை இழுத்துக்கிட்டு ஓடுறான். சொட்டைச் சுத்திச் சுத்தி வர்றான். கதவைக் காணோம். உள்ளேருந்து மரகதம்னு ஒரு புரதம் எட்டிப் பாக்குது.

"என்னடா தேடுற?"

"கதவைத்தான், அக்கா."

"சுவரே கிடையாது, கதவுக்கு நான் எங்கடா போவேன்? வாலை நீட்டு."

நீட்டினான்... ஒட்டுச்சு... சர்ருனு உள்ள. பாத்தா, அங்க இருக்குற அத்தனை பேருக்கும் வால் இருக்கு. வாலும் வாலும் பிடிச்சுக்கிட்டுதான் அந்த இடமே நிக்குது. இஸ்திரி போட்ட பெரிய மனுஷங்களும் வந்து முட்டிப் பாத்தாங்க. பிடிச்சுக்க வால் இல்லாம வழுக்கிட்டுப் போயிட்டாங்க.

காய்ச்சல் இறங்குச்சு. சொட்டு கரைஞ்சுது. நூல் ஒண்ணுகூட அறுந்து போகல. அவங்கவங்க வேலையைப் பாக்கக் கிளம்பிட்டாங்க. அப்பத்தான் கத்திரிக்காரர் கூப்பிடுறாரு... "வால் எடுக்கணும்னியே தம்பி, உன் முறை வந்துடுச்சு, வா."

பூவலிங்கம் வாலைச் சுருட்டி இடுப்புல சொருகிக்கிட்டான். "எனக்கு இல்லீங்க... நான் சும்மா நிழலுக்கு ஒதுங்கினேன்."

சிரிக்கிறீங்க. இப்ப உங்ககிட்ட வர்றேன். கரண்ட் போனா ரெண்டு பிளாக்கும் இறங்கி வந்து நடுவுல கிடக்குற அந்த சிமென்ட் பெஞ்சுகிட்ட கூடுறீங்களே, யாரு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சா? ஒருத்தருக்குப் புலம்பணும், இன்னொருத்தருக்கு அந்தப் புலம்பலைக் கேக்கணும். அதான் உங்க வாலு. கரண்ட் வந்ததும் கலைஞ்சு போறீங்க. தேவைப்பட்டா கூடுறோம், தேவை முடிஞ்சா கலையுறோம், குறுக்க ஒண்ணும் இல்லாததாலதான் ரெண்டும் நடக்குது. உங்க சுவர் எங்க வருது தெரியுமா? சரியா அந்த பெஞ்சு மேல வருது.

செயலாளர் சௌந்தரபாண்டியன் ஐயா, அந்தக் கொத்துக்கரண்டியை இப்படிக் குடுங்க. சிமென்ட் குழைச்சாச்சேன்னு பாக்குறீங்களா? பெஞ்சுக்கு ஒரு கால் ஆடுது... அதுக்குப் பூசுவோம், வாங்க.