சிவப்பாகப் போனால் நல்லது

மருந்துக் கடைக்கு வருகிற ஆண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பது இரண்டே விஷயத்துக்குத்தான். முதலாவதைக் கேட்பவர்கள் இளவட்டங்கள். வாங்கியதும் ஓடிவிடுவார்கள். இரண்டாவதைக் கேட்பவர்கள் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, தலைவலித் தைலம் ஒன்று வாங்கி, வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "பாய், ஒண்ணுக்குப் போறதுல கொஞ்சம் சிரமமா இருக்கு" என்பார்கள். சாத்தூரில் முப்பத்தோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். அந்தக் குரல் காதில் விழுந்ததுமே ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிடுவேன்.

செய்யது அபுதாஹிர் என்ற என் பெயரை ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள். டீக்கு நன்றி மேடம். மருந்து ஆய்வாளரான உங்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான்; எழுதுகிற ஏட்டையாவுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். வயதானால் ஆண்களுக்கு ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரப் பாதையை நெருக்கும். அதற்கு நல்லது என்று கிரான்பெரிப் பழத்தின் சாறை கேப்சூலில் அடைத்து விற்கிறார்கள். பெண்களுக்கு அடிக்கடி வருகிற நீர்க்கடுப்பு திரும்பாமலிருக்க அது ஓரளவு உதவும் என்கிறார்கள். ஆண்களின் வீக்கத்தை அது குறைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆனாலும் நான் முதலில் அசல் சரக்கைத்தான் விற்றேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கியவர்கள் ஒரு மாதம் கழித்து வந்து, "ஒண்ணும் தெரியலியே பாய்" என்றார்கள். அந்த முகங்களைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அதனால் நானே தயாரித்தேன். பீட்ரூட் பொடி, நெல்லிக்காய்ப் பொடி, அதோடு இன்னொன்று. நீர்க்கடுப்பின் எரிச்சலை மரத்துப்போகச் செய்ய டாக்டர்கள் இரண்டு நாளைக்கு மட்டும் எழுதித் தருகிற மாத்திரை ஒன்று இருக்கிறது. அதைப் பொடித்துச் சேர்த்தேன். எரிச்சல் அடங்கும், சிறுநீர் செக்கச்செவேலென்று போகும். பழம் வேலை செய்வது கண்ணுக்கே தெரியும் அல்லவா. டாக்டர்கள் இரண்டு நாள் கொடுப்பதை நான் இரண்டு வருஷம் கொடுத்தேன்.

லேபிளை அச்சடித்துக் கொடுத்தது சிவகாசி முனியராஜ். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவனுக்கு உள்ளே இருப்பது எதுவும் தெரியாது, அவனை விட்டுவிடுங்கள். "ஏலே தாஹிர், பழம்னா வெறும் பழமாவா இருக்கணும்? தரைச்சக்கரம் சுத்துற மாதிரி போட்டிருக்கேன், பாருலே" என்றான். பார்த்தால் தீபாவளிச் சரக்கு போலவே இருந்தது. அதன் கீழே, 'சிவப்பாகப் போனால் நல்லது' என்று ஒரு வரி. அது நான் எழுதியது.

மேலே இருக்கும் 'குருதிநெல்லி' என்கிற பெயர் யோபு சார் கொடுத்தது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிரான்பெரிக்குத் தமிழில் அதுதான் பெயர் என்று அகராதியைக் கொண்டுவந்தே காட்டினார்.

அந்தக் கேப்சூலால் எத்தனை பேர் நிமிர்ந்து நடந்தார்கள் தெரியுமா? பெத்தணன் என்று ஒருவர், ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு யூனிட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறார். "வண்டி நெறைய பொம்பளையாளுகளை வச்சுக்கிட்டு எங்கன நிப்பாட்டுறது பாய்?" என்று அழாத குறையாகக் கேட்டவர், மூன்றாவது வாரம் காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்து நின்றார். வழியில் எங்கும் நிறுத்துவதில்லையாம். யூனிட்டில் ஃபோர்மேன், "என்னய்யா, இப்பல்லாம் நேரத்துக்கு வந்துர்றீரு" என்று கேட்டாராம்.

யோபு சார் கதை இன்னும் அருமை. சர்ச்சில் ஒரு பிரசங்கம் முடிவதற்குள் இரண்டு முறை எழுந்து வெளியே போகிறவர். கேப்சூல் சாப்பிடத் தொடங்கிய வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனையில் இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்து நேரே கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பாய், பிரசங்கத்தை முடிச்சிட்டுப் பாஸ்டரு எறங்கிட்டாரு. நான் இன்னும் உக்காந்திருக்கேன்" என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவார். ஸ்டூல் அவருடையது என்றே ஆகிவிட்டது. புதிதாக யாராவது கூச்சத்தோடு வந்தால், நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவரே, "தைரியமா வாங்கிச் சாப்பிடுங்க. செவப்பாப் போகும், பயந்துராதீக" என்பார். வகுப்பறைக் குரல் அது. பேருந்து நிலையம் வரை கேட்கும். நாங்கள் அவ்வளவு சிரித்திருக்கிறோம்.

போன வருஷம் செப்டம்பரில் பட்டாசு லேபிள், காலண்டர் என்று முனியராஜுக்கு ஆர்டர் குவிந்துவிட்டது. என் லேபிள் வரவில்லை. லேபிள் இல்லாமல் விற்பது தப்பு என்பதால் இரண்டு வாரம் நான் யாருக்கும் கேப்சூல் கொடுக்கவில்லை. பத்தாவது நாள் சார் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பாய், பத்து நாளா மாத்திரையே இல்ல. ஆனாலும் செவப்பாத்தான் போகுது. உங்க மருந்து உடம்புல அம்புட்டு ஊறிப்போச்சு!"

நான் கலந்த மாத்திரையின் நிறம் இரண்டு நாளுக்கு மேல் உடம்பில் தங்காது. எனக்குத் தெரியும். நான் சொன்னேன்: "ஆமா சார். நல்லது உடம்புல தங்கும்."

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிற அவர் மகள் கிருபாவிடம் போனில் இதையும் ஒரு வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் உடனே என்னைக் கூப்பிட்டது. "மாமா, நான் சொன்னா அப்பா கேக்க மாட்டாக. ஒரு யூரின் டெஸ்ட் மட்டும் நீங்களே கூட இருந்து எடுத்து அனுப்பிருங்க."

"நான் பாத்துக்கிறேம்மா" என்றேன்.

மறுநாள் காலையில் சாரின் மனைவி ஞானபூரணி டீச்சர் பாட்டிலைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் சின்னச் சின்ன ரத்தக் கட்டிகள் இருந்தன. மாத்திரையால் நிறம் வரும், கட்டி வராது. கடையின் பின்னால் போய் அதைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீர் விட்டேன். புதுப் பாட்டில் ஒன்றை எடுத்தேன். எனக்கு ஆண்டவன் புண்ணியத்தில் எந்தக் குறையும் கிடையாது. அதை நிரப்பி, 'யோபு, 67, ஆண்' என்று ஒட்டி, லேபுக்கு அனுப்பினேன்.

அருமையான ரிப்போர்ட் வந்தது. சார் அதை ஸ்டூலில் உட்கார்ந்து, செய்யுள் வாசிப்பது போல, 'நார்மல்' என்றிருந்த வரிகளை மட்டும் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். எல்லாம் நார்மல் என்று சார் சொல்லக் கேட்டு, கிருபாவும் போனில் அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னது.

டாக்டரிடம் அனுப்பியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அனுப்பினால் டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருப்பார். கேப்சூலைப் பிரித்துப் பார்த்திருப்பார். பிறகு அதை வாங்கிச் சாப்பிடுகிற நூற்று நாற்பது பேர் மறுபடியும் கழிப்பறை எங்கே என்று தேட வேண்டியதுதான். இதுதான் காரணம் என்று எழுதுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. டாக்டர் உண்மையைச் சொல்லிவிட்டால் சார் அந்த ஸ்டூலில் வந்து உட்காருவாரா? நீங்களே சொல்லுங்கள்.

ஏப்ரலில் இடுப்பு வலி வந்தது. மதுரையில் பார்த்தார்கள். மூத்திரப் பையில் புற்று, எலும்புவரை போய்விட்டது. ஏழு மாதம் முன்னால் வந்திருந்தால் வெட்டி எடுத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்த டாக்டர் சொன்னாராம். அந்த ஏழு மாதம் அவர் எப்படி இருந்தார் என்று டாக்டருக்குத் தெரியாது. ஒரு நாள்கூட முகம் வாடியதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை நான் மதுரைக்குப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா இவுக எப்பவோ இடிஞ்சு போயிருப்பாக பாய்" என்றார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். போன மாதம் அடக்கம் நடந்தது. நானும் பெட்டிக்குத் தோள் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்து கிருபா கடைக்கு வந்தது. அப்பாவின் ஃபைலை ஒழுங்கு செய்திருக்கிறது. அந்தப் பழைய ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்து, ஒரு வரியில் விரலை வைத்தது. 'நிறம்: வெளிர் மஞ்சள்.' சாருக்குச் சிவப்பாகப் போன சமயத்து ரிப்போர்ட் அது; நிறம் மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் அந்தக் கேப்சூலைச் சாப்பிடுகிறவன் இல்லையே.

"மாமா, இது யாரோட மூத்திரம்?"

"என்னோடதும்மா" என்றேன். கேட்டால் நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை.

அது கத்தவில்லை. என்னை அடிக்கவும் இல்லை. ஸ்டூலை எடுத்து வெளியே வீதியில் வைத்துவிட்டு, நேரே உங்களிடம் வந்துவிட்டது. நல்ல பிள்ளை. சார் நன்றாக வளர்த்திருக்கிறார்.

ஆக, கலந்தது நான்தான். மறைத்தது நான்தான். யோபு சார் பிழைத்திருப்பார், நான் விடவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

வாங்கியவர்களின் பட்டியலைத் தந்துவிட்டேன். ஆனால் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது வேறு. கேப்சூல் இல்லாத அந்த இரண்டு வாரத்தில், சாரைப் போலவே 'இன்னும் சிவப்பாகப் போகிறது' என்று வேறு யாராவது சொன்னார்களா என்று கேட்கிறீர்கள். இரண்டு பேர் சொன்னார்கள். பெயர் ஞாபகம் இருக்கிறது. போன வாரம்கூட இருவரையும் பார்த்தேன். நல்ல கலகலப்பாக, பேரப்பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக்கொண்டு போனார்கள். தீபாவளிக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது மேடம். முடியட்டும், சொல்கிறேன். சந்தோஷமாக இருக்கிற மனுஷர்களை இப்போது எதற்குக் கலங்கடிக்க வேண்டும்?