முந்திப் போன மெயில்

வாசகர்களுக்கு மொத்தமாக மெயில் அனுப்பும் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது இலவசத் திட்டத்தில் சேர்வதுதான் புத்திசாலித்தனம். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவனிடம் அட்டைக்கு ஒருவர், பிழைதிருத்தத்துக்கு ஒருவர், அச்சுக்கு ஒருவர் என்று கைநீட்ட ஆள் நிறைய. மெயிலுக்கும் கொடுக்கத் தொடங்கினால் விற்பனையில் ஒன்றும் மிஞ்சாது. என் விஷயத்தில் அப்போது விற்பனையே இல்லை என்பது வேறு.

நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். என் மனைவி வியாழக்கிழமை இறந்தாள். அவள் இறந்த செய்தி என் வாசகர்களுக்குத் திங்கட்கிழமையே எப்படிப் போய்ச் சேர்ந்தது? நியாயமான கேள்வி. அவளுடைய தம்பியும் புகாரில் அதைத்தான் எழுதியிருக்கிறான். பதில் சொல்ல வேண்டுமானால் நான் எந்தக் கருவியை எதற்காகப் பிடித்தேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் இழுவையாக இருக்கும். என் புத்தகங்களைப் பற்றியும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

முதல் புத்தகம் ஒரு துப்பறியும் நாவல். பதிப்பகங்கள் பதில்கூடப் போடாததால் நானே போட்டேன். சொந்தக்காரர்கள் வாங்கினார்கள். படித்தது என் மனைவி ஒருத்திதான்.

"நடை நல்லாருக்கு. ஆனா உன் கொலைகாரனுக்குக் கொலை பண்ணவே தெரியல. மூணாவது அத்தியாயத்துலயே நான் கண்டுபிடிச்சிட்டேன், அந்தப் போலீஸ் கடைசி வரைக்கும் எங்க போயிருந்தான்?" என்றாள்.

மீதிப் பிரதிகள் கட்டுக்கட்டாக வீட்டில் கிடந்தன. அவளுக்கு நுரையீரல் இறுகும் நோய் வந்ததும் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைக்கச் சொன்னார் மருத்துவர். தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆளுக்கொரு கட்டு கொடுத்தோம். அந்த நாவல் ஒருவருக்குப் பயன்பட்டது அப்போதுதான்.

இரண்டாவது புத்தகத்தை முறைப்படி விற்க நினைத்தேன். பகலில் ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே பில் போடுவேன். மிச்ச நேரமெல்லாம் கருவிகள்தான். பதிவுகளை நேரம் குறித்து வெளியிடும் கருவி ஒன்று. எந்த அட்டை கண்ணைப் பிடிக்கிறது என்று சோதிக்கும் கருவி இன்னொன்று. பிறகு கட்டண விளம்பரம். விளம்பரத்தைத் தொட்டு உள்ளே வந்தவர்கள் அத்தனை பேரும் என்னைப் போலவே சொந்தமாகப் புத்தகம் போட்டவர்கள். என்னிடம் தங்கள் புத்தகத்தை விற்கத்தான் வந்திருந்தார்கள். இரண்டை நான் வாங்கிக்கொண்டேன்.

கடைசியாக மெயில். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவளே அவள்தான். நோய்க்கு முன்னால் ஒரு பயண நிறுவனத்தில் வாடிக்கையாளர்களுக்குச் சலுகை மெயில் அனுப்பும் வேலை பார்த்தாள். கடவுச்சொல்லும் அவள் வைத்ததுதான். பட்டியலில் முதல் முகவரி அவளுடையது. போவது ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க அப்படி ஒரு முகவரி வைத்துக்கொள்வது வழக்கம்.

என்ன எழுதுவது என்று தெரியாமல், ஒரு வாரம் அவளுடைய ஆக்ஸிஜன் இயந்திரத்தைப் பற்றி எழுதினேன். எந்நேரமும் ரீங்காரமிடும் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய். குழாய் எட்டும் தூரம்தான் இனி அவளுடைய உலகம், சமையலறை வாசலில் அது முடிகிறது என்று. அதுவரை என் மெயிலுக்கு வந்த ஒரே பதில், பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லி. இந்த முறை அழுதுகொண்டு எழுதினார்கள். மற்றவர்களுக்கும் அனுப்பினார்கள். பட்டியல் வளர்ந்தது. அந்த மெயில்களையே தொகுத்து 'இருவருக்கான காற்று' என்று மூன்றாவது புத்தகமாக்கினேன்.

எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்று அந்தச் சேவை காட்டும். அவள் மாடிப்படி ஏறிய நாளைப் பற்றி எழுதினால் பாதிப்பேர் திறக்க மாட்டார்கள். தலை வாரிக்கொள்ள முடியாமல் சீப்பைக் கீழே வைத்த நாளைப் பற்றி எழுதினால் எல்லோரும் திறப்பார்கள். அவளிடம் சொன்னேன். நாங்கள் எதையும் மறைத்துக்கொள்கிற ஜோடி இல்லை.

"அப்போ நான் ஏறினா உன் கிராஃப் இறங்குது. நல்ல பொழப்புடா" என்று சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

பிறகு ஒரு தொற்று வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். மருத்துவர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளச் சொன்னார். "எவ்வளவு நாள் சார்?" என்று கேட்டேன். அவர் மேலே பார்த்துவிட்டு, மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொன்னார்.

புத்தக விற்பனையில் கரை கண்டவர்கள் எல்லோரும் சொல்கிற பாடம் ஒன்று உண்டு. முக்கியமான மெயிலை அந்த நாளில் உட்கார்ந்து எழுதாதே, தப்பு வரும், முன்பே எழுதி ஏற்றி வை. அந்தத் தாழ்வாரத்தில் காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியதில் சிறந்தது அதுதான். கீழே புத்தகம் வாங்கும் சுட்டியையும் வைத்தேன். தனியாக வைக்கவில்லை, எல்லா மெயிலுக்கும் பொதுவான வார்ப்புருவிலேயே இருந்தது.

ஏற்றி வைக்கும்போது அந்தச் சேவை தேதி கேட்டது. தேதி இல்லாமல் ஏற்க மாட்டேன் என்றது. மருத்துவர் எனக்குக் கொடுத்த நாளையே நான் அதற்குக் கொடுத்தேன். நாள் நெருங்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதன்பின் அவள் பிழைத்துவிட்டாள். புது மருந்து ஒன்று பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தாள். இயந்திரத்தின் அளவைக் குறைத்தார்கள். ஒருநாள் சில நிமிடங்கள் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய்த் தனக்கு முட்டை பொரித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் தேதி மறந்துபோனது. சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்சமாகப் போட்டிருந்த முதல் பதிப்பு தீர்ந்து, இரண்டாம் பதிப்பு விஷயமாக அந்தத் திங்கட்கிழமை காலை அச்சகத்தில் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அதிரத் தொடங்கியது, நிற்கவில்லை. எடுத்துப் பார்ப்பதற்குள் அச்சகக்காரர் தன் இருக்கையை விட்டு எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவரும் பட்டியலில் இருந்தார்.

"இப்பதான் சார் மெயில் பாத்தேன். இந்த நெலமையில எதுக்கு சார் இங்க வந்தீங்க? ஒரு போன் போட்டா நானே வந்திருப்பேனே. என்ன காரியம் நடக்கணும், சொல்லுங்க, பசங்கள அனுப்பறேன்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒருவர் அழும்போது, அவள் வீட்டில் முட்டை பொரிக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? நான் தலையை மட்டும் ஆட்டினேன். "ரெண்டாம் பதிப்பப் பத்திக் கவலப்படாதீங்க, அத நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்கும் ஆட்டினேன்.

வெளியே வந்து விற்பனைப் பக்கத்தைத் திறந்தேன். நான் அதுவரை பார்த்த கிராஃப் எல்லாம் படுத்துக் கிடக்கும். இது சுவரில் சாய்த்த ஏணி மாதிரி நின்றது.

வீட்டில் அவள் கட்டிலில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி மடியில் இருந்தது.

"எழுத்தாளரே, இங்க வா. நான் செத்துட்டேன்னு எனக்கே மெயில் வந்திருக்கு."

நான் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். தேதி, தாழ்வாரம், மருத்துவர் எல்லாம். அவள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. எனக்கே கொஞ்சம் அழுக வந்துச்சு. அந்தக் கடைசி மூச்சு சீன்ல நான் உன் பேரச் சொல்றேனாமே?"

"அது சும்மா, ஒரு முடிவு வேணும்ல."

"சரி, மன்னிப்பு கேட்டு இன்னொண்ணு போடு. சிஸ்டம் தப்பா அனுப்பிடுச்சு, ஆள் உயிரோட இருக்கா, ஆரஞ்சு திங்கறான்னு."

"போடலாம். கொஞ்சம் யோசிச்சுப் போடணும். நம்பிக்க போயிடும்."

"என் சாவுக்கு முன்கூட்டியே எழுதி வச்ச. நான் இருக்கறதுக்கு யோசிக்கணுமா?"

அவள் சுளைகளைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "வியாழக்கெழம சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். நீ போடலன்னா நானே போடுவேன். பாஸ்வேர்டு எங்கிட்ட இருக்கு."

அன்று மாலை அவள் தம்பி வெளியூரிலிருந்து அழைத்தான். "மாமா, என்ன கூத்து இது? என் ஆபீஸ்ல ஒருத்தி உங்க மெயிலக் காட்டி அழுவுறா. அக்கா எங்கிட்ட இப்பதான் பேசி, வர்றப்ப நல்ல மாம்பழம் வாங்கிட்டு வான்னு சொன்னா. யாரத்தான் நம்புறது?" தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்கிறேன் என்றேன். "சீக்கிரம் பண்ணுங்க மாமா, வாய வச்சுட்டாங்கன்னா அபசகுனம்" என்றான். அவன் பொறியியல் படித்தவன்.

என் நிலைமையை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். மனைவியின் சாவைச் சொல்லிப் புத்தகம் விற்றவன் என்று ஊர் சிரிக்கும். வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், அதைக் கொடுத்துவிடலாம். கண்ணீரைத் திருப்பிக் கேட்டால் எதைக் கொடுப்பது? ஒரு அம்மாள் தன் கணவர் இறந்த பிறகு முதல்முறையாக என் மெயிலைப் படித்துத்தான் வாய்விட்டு அழுததாக எழுதியிருந்தார். அவருக்கு நான் என்ன எழுதுவேன், அம்மா, அது வார்ப்புரு என்றா? என் முதல் நாவலைத் தூங்கவைக்கும் புத்தகம் என்று எவனோ எழுதியதற்கே ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாதவன் நான். தைரியசாலி இல்லை.

புதன்கிழமை இரண்டு விஷயங்கள் நடந்தன. மறுநாள் பகலில் பராமரிப்புக்காக எங்கள் தெருவில் மின்சாரம் நிறுத்தப்படும் என்று செய்தி வந்தது. இன்னொன்று, சிலிண்டர். இயந்திரத்துக்கு மின்சாரம் போனால் என்று கட்டிலருகே ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் எப்போதும் நிற்கும். அதை நிரப்பி வரச்சொல்லிக் கடைக்குக் கொடுத்தனுப்பினேன். வெள்ளிக்கிழமை கொண்டுவந்தால் போதும் என்றேன். கடைக்காரர் உங்களிடம், அது நிறைந்துதான் இருந்தது, எதற்கு வந்ததென்று புரியவில்லை என்று சொல்லியிருக்கிறாராம். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. மின்சாரம் போனாலும் உயிரோடிருக்கும் பிளக் ஒன்றே ஒன்றுதான். எப்போதும் அதில் இயந்திரம் இருக்கும். வியாழக்கிழமை காலை இயந்திரத்தைப் பக்கத்துப் பிளக்கில் செருகிவிட்டு, அந்த இன்வெர்ட்டர் பிளக்கில் என் மடிக்கணினியைச் செருகினேன். மன்னிப்பு மெயில் எழுத வேண்டியிருந்தது. அவளே கெடு வைத்திருந்தாள்.

உண்மையாகவே எழுதினேன். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். கவனம் சிதறக்கூடாது என்று கதவைச் சாத்தினேன். 'ஒரு நல்ல செய்தி' என்று தலைப்பிட்டால் யாரும் திறக்க மாட்டார்கள். 'நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்' என்றால் திறப்பார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் ரீங்காரம் நின்றது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"கரண்ட் போச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா. இதோ வர்றேன்" என்றேன்.

கொஞ்சம் கழித்துக் கூப்பிட்டாள். மெயிலில் நான் எழுதி வைத்திருந்தபடியே என் பெயரைச் சொல்லித்தான். நான் இரண்டாவது பத்தியில் இருந்தேன். பத்தியின் நடுவில் எழுந்தால் திரும்பக் கோர்வை வராது. மறுபடி கூப்பிட்டாள். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியவள் கூப்பிடுவது போல் இருந்தது. கட்டில் கொஞ்ச நேரம் ஆடியது. அடியில் என் நாவல்கள் இருந்ததால் சத்தம் அதிகம் வரவில்லை.

நீங்கள் மெயிலையே பிடித்துத் தொங்குகிறீர்கள். திட்டம் போட்டு, அவசரத்தில் முன்கூட்டியே அனுப்பிவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. நடந்ததில் விபத்து என்று ஒன்று இருந்தால் அது மெயில் மட்டும்தான். மற்றதெல்லாம் நான் செய்தது.

இப்போது இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சத்தம் இல்லாமல் தூக்கம் வருவதில்லை. மேசை விசிறியை ஓடவிட்டுப் படுக்கிறேன். அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்கள் ஏட்டும் கேட்டார். என் பங்கைத் தாழ்வாரத்திலேயே எழுதி முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மன்னிப்பு மெயில் வரைவாகவே இருக்கிறது. அதை அனுப்பும் அவசியம் வரவில்லை. எந்த வாசகரிடமும் நான் பொய் சொல்லவில்லை, சார். கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.