மூன்று சுற்று

காரின் வயிற்றைத் தரையோடு ஒட்ட இறக்கினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை, சார். என் தங்கை வீட்டுக்காரரின் ரிமோட் கார் ஒரு முழ நீளம்தான். ஆனால் மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓடும். அந்த வேகத்தில் அடியில் காற்று புகுந்தால் காரைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் இறக்கத்தான் வேண்டும். இறக்கினால் ஷாஃப்ட்டில் கோளாறு வரும்.

உங்கள் போலீஸ் அறிக்கையில் ஒரு வரி தவறு. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் ஷாஃப்ட் புரியாவிட்டால் மற்றது புரியாது.

மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது விரல் நீள எஃகுக் கம்பி. அதுதான் ஷாஃப்ட். அதன் இரு முனைகளும் இரண்டு சின்னக் கிண்ணங்களுக்குள் உட்கார்ந்திருக்கும். ஒன்று காரின் நடுவில், மற்றது சக்கரத்தில். இறுக்கிப் பிடிக்க எதுவும் கிடையாது. காரை இறக்கும்போது இரண்டு கிண்ணங்களும் நெருங்கும், கம்பிக்கு இடம் போதாது. முழு வேகத்தில் கிண்ணத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஒருமுறை மாப்பிள்ளையின் ஷெட்டில் அப்படி வந்தது, பிளைவுட் கதவில் பாதி இறங்கி நின்றது. இடுக்கி வைத்துத்தான் பிடுங்கினேன். மாப்பிள்ளை அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

அவர் டைல்ஸ் கடையில் மேலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிக்கிடக்கும் தொழிற்சாலை ஒன்றின் நேர்ச்சாலையில் ஆறேழு பேர் கூடி ஓட்டுவார்கள். ஷாஃப்ட் கழன்றால் மாப்பிள்ளை தோற்பார். தோற்றால் வீட்டுக்கு வந்து என் தங்கையை அடிப்பார். காரைப் பழுது பார்ப்பவன் அவளுடைய அண்ணன், அதுதான் அவர் சொல்லும் காரணம்.

முதல் தடவை கன்னத்தில் நான்கு விரல். இரண்டாவது தடவை விலா எலும்பில் விரிசல். மூன்றாவது தடவை கதவிடுக்கில் அவள் கையை வைத்துக் கதவைச் சாத்தினார். இரண்டு விரல்கள் உடைந்தன. மறுநாள் கட்டுப்போட்ட கையோடு அவளே காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். அவர் பின்னால் வந்தார்.

"மச்சான், உங்க கையில பட்ட வண்டி ஆஸ்பத்திரிக்குப் போன மாதிரி. திரும்பி வந்தாத்தான் நிச்சயம்" என்றார்.

பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள். நான் லேத்தை அணைத்துவிட்டுக் காரை வாங்கிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடமாக லேத் ஓட்டுகிறேன். நான் கடைந்த பொருள் எதுவும் அதுவரை திரும்பி வந்ததில்லை.

அவர் சிகரெட் வாங்கப் போனபோது தங்கை மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, நான் இங்கயே வந்துடட்டுமா?"

"முதல்ல ஷாஃப்ட்டைச் சரி பண்ணிடுறேன், குட்டி" என்றேன்.

அதை நியாயமான பதிலாகத்தான் இன்றும் நினைக்கிறேன். நோய்க்குக் காரணம் தெரிந்திருக்கும்போது வீட்டை ஏன் உடைக்க வேண்டும்?

ஒன்பது நாள் வேலை பார்த்தேன். புது எஃகில் ஒன்றரை மில்லிமீட்டர் குட்டையாக நான்கு ஷாஃப்ட்டுகள் கடைந்தேன். குட்டையானால் எதிர்க் கோளாறு வரும். சக்கரம் கீழே தொங்கும்போது கிண்ணங்கள் விலகும், கம்பி நழுவிவிடும். அதற்காக ஒவ்வொரு சக்கரத்தையும் காரோடு பிடித்திருக்கும் ஆர்மிலும் ஒரு ஸ்க்ரூ உண்டு. சக்கரம் எவ்வளவு தொங்கலாம் என்பதை அதுதான் நிறுத்தும். அளந்து முறுக்கி, தலையிலிருந்து ஆர்ம் வரைக்கும் குறுக்கே வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தேன். ஸ்க்ரூ கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். நான் எது செய்தாலும் கடைசியில் அந்தக் கோடு இருக்கும். மாப்பிள்ளையும் காரைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் கோட்டைப் பார்ப்பார். நேராக இருந்தால் வேறெதையும் பார்க்கமாட்டார். அந்த விஷயத்தில் அவர் என்னை நம்பினார்.

கார் ஓடியது. நூற்று நாற்பத்திரண்டு. மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து அவர்தான் ஜெயித்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கு மறுநாள் தங்கை பட்டறைக்கு வந்தாள். கீழுதடு பிளந்து தையல் போட்டிருந்தது. இடது கண் மூடியிருந்தது. கழுத்தில் பெல்ட் பட்ட தடம், பக்கிளின் சதுரம்கூடத் தெளிவாகப் பதிந்திருந்தது.

"ஷாஃப்ட் கழண்டுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா. வண்டி நல்லாத்தான் ஓடுச்சு."

"தோத்துட்டாரா?"

"ஜெயிச்சாரு. கப்பை எங்க வைக்கிறதுன்னு கேட்டாரு. எங்கயாச்சும் வைங்கன்னு சொன்னேன்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். உதட்டில் படாமல் குடிக்க முடியாமல் புடவையெல்லாம் நனைத்துக்கொண்டாள். பிறகு சிரிக்கப் பார்த்தாள். "முன்னாடியெல்லாம் எனக்குத் தெரிஞ்சிடும்ணா. ஷெட்டுல வண்டியை ஓட்டிப் பாக்கும்போது டிக் டிக்னு ஒரு சத்தம் வரும். அது வந்தா அன்னைக்கு கழண்டுக்கும். நான் முன்கூட்டியே பாத்ரூம்ல போய்த் தாழ் போட்டுக்குவேன். இப்ப சத்தமே வரல. எப்ப ஒளியுறதுன்னே தெரியல."

அந்தச் சத்தம் கம்பியின் முனை கிண்ணத்தின் விளிம்பில் இடிப்பது. நானே காதைக் கூர்மையாக வைத்தால்தான் கேட்கும். அவள் சமையலறையிலிருந்தே கேட்டிருக்கிறாள்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒன்பது நாள் உழைத்திருக்கிறேன். கோளாறு என் ஷாஃப்ட்டில் இல்லை என்று நிரூபித்திருக்கிறேன். அதற்கு அந்த ஆள் ஒரு மதிப்பும் தரவில்லை. தங்கைக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டப் போகும் முன் காரை ஸ்டாண்டில் தூக்கி வைப்பார். நான்கு சக்கரமும் காற்றில் தொங்கும். முழு வேகத்தில் சுழலவிட்டு, வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்துக் கேட்பார். ஒரு சாண் தூரம்கூட இருக்காது.

அந்த வாரம் காரைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தார். முன்பக்க வலது ஆர்மின் ஸ்க்ரூவை மூன்று சுற்று வெளியே எடுத்தேன். தரையில் நிற்கும்போது வித்தியாசம் தெரியாது. தொங்கும்போது கம்பி கிண்ணத்தின் விளிம்பில் ஒரு மயிரிழை பிடித்திருக்கும். மெதுவாகச் சுழன்றால் தாங்கும். முழு வேகத்தில் உள்முனை வெளியே வரும், வெளிமுனை சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று கம்பியை வீசும். இரண்டு சுற்று போதாது, நான்கு சுற்று என்றால் கையில் தூக்கியதுமே விழுந்துவிடும். எட்டு தடவை சோதித்துப் பார்த்தேன். எட்டு தடவையும் மணல் மூட்டையில் ஒரே இடத்தில் இறங்கியது. பிறகு பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு இழுத்தேன். நேராக.

ஞாயிறு காலை அவர்கள் ஷெட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாப்பிள்ளை கோட்டைப் பார்த்தார். தலையாட்டினார். ஸ்டாண்டில் தூக்கி வைத்தார். ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டுக் குனியப் போனவர் நின்று மூக்கை உறிஞ்சினார். மூன்று நாளாகச் சளி.

"காது ரெண்டும் அடைச்சுக் கெடக்கு மச்சான். ஒண்ணும் கேக்கல" என்றார். வீட்டைப் பார்த்துக் கத்தினார். "ஏய், இங்க வா. உனக்குத்தான் பாம்புக் காதாச்சே. வந்து கேட்டுச் சொல்லு."

தங்கை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். முழங்காலிட்டுக் காதை வைத்தாள். தையல் இன்னும் பிரிக்கவில்லை. உதட்டில் கறுப்பு நூல் தெரிந்தது.

மாப்பிள்ளை மெதுவாக விசையைத் தொட்டார். சக்கரங்கள் சுழன்றன.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை. "அண்ணா, சத்தம் வருது. டிக் டிக்குங்குது."

இந்த இடத்தைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். பேசுவதற்கு எனக்கு நேரம் இருந்தது. மாப்பிள்ளை விசையை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் அந்தச் சிரிப்பு ஆரம்பித்திருந்தது. "என்ன மச்சான், மறுபடியும் ஆஸ்பத்திரி கேஸா?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன். "நல்லா பக்கத்துல வெச்சுக் கேளு, குட்டி."

அவள் என் பேச்சைத் தட்டியதில்லை. இன்னும் கிட்டே குனிந்தாள். மாப்பிள்ளை விசையை முழுக்க அழுத்தினார்.

காதுக்குக் கீழே, தாடை முடியும் இடத்தில் நுழைந்தது. அவள் கத்தவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தாள். இரத்தம் துடிப்புக்குத் துடிப்பு பீறிட்டு என் செருப்பு வரைக்கும் வந்தது. சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருந்தன, மாப்பிள்ளைக்கு விசையிலிருந்து விரலை எடுக்கத் தோன்றவில்லை. நான்தான் பேட்டரியைக் கழற்றினேன். அதற்குள் அவள் கை மடங்கிவிட்டது. மாப்பிள்ளை அவளை மடியில் போட்டுக்கொண்டு கழுத்தை இரண்டு கையாலும் பொத்தினார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். அவளை அவர் அவ்வளவு பதமாகத் தொட்டு நான் பார்த்ததும் அன்றுதான்.

அவருக்குத் தெரியாது. இன்றுவரை தன் சளியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

விபத்து என்று எழுதி நீங்கள் கோப்பை மூடிவிட்டீர்கள். என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. மாப்பிள்ளையும் கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் இங்கே வராமல் வழக்கம்போல் பட்டறையைத் திறந்திருக்கலாம்.

ஆனால் நேற்று அறிக்கையின் நகல் வந்தது. இரண்டாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி. 'பழுது முறையாகப் பார்க்கப்படாததால் ஷாஃப்ட் தானாகக் கழன்றுள்ளது' என்று போட்டிருக்கிறீர்கள்.

தானாகக் கழலவில்லை, சார். மூன்று சுற்று, அளந்து எடுத்தது. காரைக் கொண்டுவரச் சொல்லி அந்த ஸ்க்ரூவைப் பாருங்கள், கோடு இன்னும் நேராகத்தான் இருக்கும். அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு எழுதுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தங்கை இருந்திருந்தால் அவளே வந்து சொல்லியிருப்பாள், அண்ணன் வேலையில் குறை இருக்காது என்று.