பின்லாந்துக்காரரின் நான்கு பாட்டு

முன்னறை என்பது வந்தவர்கள் இருந்து தேநீர் குடித்துவிட்டு எழும்பிப் போவதற்கான இடம். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் முன்னறையில் என் கணவர் யேசுரட்ணத்தின் தம்பி றெஜினோல்ட் மூன்று வருடமாகப் படுத்திருந்தான். அவனுக்கு முன் இவருடைய ஒன்றுவிட்ட அண்ணர், பதினான்கு மாதம். 1987 மார்ச்சில் நான் அந்த அறைக்கு மஞ்சள் திரைச்சீலை வாங்கினேன்.

றெஜினோல்ட் கெட்டவன் அல்ல. ஷிப்ட் முடிந்து வந்தால் திராஷ் மெட்டல் என்ற ஒருவகைப் பாட்டுக் கேட்பான். அதற்கென்றே ஊர் ஊராக ஆட்கள் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் தபாலில் கசெற் அனுப்பிக்கொள்வார்கள். பின்லாந்தில் நான்கு பெடியன்கள் கம்பனிகளுக்குக் காட்டுவதற்காகப் பதிந்த முதல் டெமோ அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. கிரைண்டருக்குள் கரண்டி விழுந்த சத்தம். வெறும் கசெற் இல்லாவிட்டால் கையில் அகப்பட்டதில் பிரதி எடுப்பான். எங்கள் கல்யாணப் பூசையைப் பதிந்த கசெற்றில் ஒரு பக்கம் அப்படிப் போனது.

மன்னாரில் மாமி, இவருடைய தாய், இருந்த வீட்டில் டெலிபோன் இல்லை. எழுதக் கண்ணும் தெரியாது. கசெற்றில் பேசி அனுப்புவார். ஜூன் இரண்டாம் திகதி ஒன்று வந்தது. பதிவுத் தபால். றெஜினோல்ட்தான் கையெழுத்து வைத்து வாங்கி, உறையைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். நான் போட்டுக் கேட்டேன். கடைக்குட்டி மரியதாஸ் கொழும்பில் ஒரு லொட்ஜில் நிற்கிறான். இருபதாம் திகதிக்குள் இவர் போன் எடுத்து, தான் பொறுப்பு என்று ஏஜென்டிடம் சொன்னால் லண்டனுக்கு ஏற்றிவிடுவான். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் ஆமிக்காரர் பெடியனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று மாமி அழுதார். லொட்ஜ் நம்பரை இரண்டு தரம் சொன்னார்.

மரியதாஸில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் அவனைக் கண்டதே இல்லை. இவர் கேட்டால் உடனே போன் எடுத்துவிடுவார், அவ்வளவுதான். கசெற்றை எறியவும் முடியாது; வந்தது றெஜினோல்டுக்குத் தெரியும். அவனுடைய றேடியோவில் இரண்டு கசெற் போடலாம். ஒன்றில் பின்லாந்து ஏற்கெனவே இருந்தது. மற்றதில் மாமியை முதலில் இருந்து சுற்றிப் போட்டு, பிரதி எடுக்கும் பொத்தான்களை அழுத்திவிட்டுச் சோறு வடிக்கப் போனேன்.

பின்னேரம் இவர் ஆசையோடு போட்டார். பின்லாந்துக்காரர் தொடங்கினார்கள்.

"என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?"

"காலமை வெளிக்கிட முதல் அவசரத்திலை ஒரு கொப்பி எடுத்தனான் அண்ணை. வேற கசெற்றிலை எண்டுதான் நினைச்சன்."

அவன் அப்படிச் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டெமோ இவ்வளவு கட்டையாக இருக்கும் என்றும் எனக்குத் தெரியாது. நான்கு பாட்டு, பத்தொன்பது நிமிடம். டெமோவின் நாடா அத்தோடு முடிந்து றேடியோ தானாக நின்றிருக்கிறது. மிச்சத்தில் மாமி இருந்தார்.

"அந்த நம்பரை எழுதிப்போட்டியோ ராசா? இருவதாந் திகதிக்குள்ளை எடு. தம்பி உன்ரை கோலுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறான்."

பதினெட்டு நாளும் இவர் வேலையால் வந்து றேடியோவில் காதை வைத்தார். சத்தத்துக்கு அடியில் தாய் சொன்ன இலக்கம் ஏதாவது கேட்குமா என்று பார்த்தார். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மூச்சை அடக்கினார். உறையில் இருந்தது மன்னார் விலாசம். அங்கே அடித்த தந்திக்குப் பதில் வரவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன்.

இருபத்திரண்டாம் திகதி மரியதாஸை மன்னார் பஸ்ஸில் இருந்து இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை. றெஜினோல்ட் ஓகஸ்டில் வெளிக்கிட்டு லூயிஷாமில் ஓர் அறை எடுத்தான். பாட்டே கேட்பதில்லையாம். தம்பியைத் தான்தான் கொன்றதாக நம்புகிறான். அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று நானே அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆறு வருடமாகிறது. கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதை நான் சொன்னதில்லை, ஏனென்றால் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அந்த நம்பர் எனக்கு அன்றே மனப்பாடம். பதினெட்டு நாளில் எப்போது கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.