வாக்கப்பட்டு வந்த கோள்

— (ஸ்டாஃப் ரூமில் இத்தனை நாற்காலி காலியாகக் கிடக்கிறது. என் புருஷன் என் தோளை இடித்துக்கொண்டுதான் உட்காருவார். வீட்டிலும் இவர், வண்டியிலும் இவர், பள்ளிக்கூடத்திலும் இவர். நினைக்கிறதையாவது தனியாக நினைக்க விட்டால் என்ன.)

— என்ன செல்வி, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்க? பெங்களூருல ஆராயக் கூப்புட்டாங்களே, அந்தக் கோளப் பத்தித்தான நெனப்பு?

— ஆமாங்க.

— வியாழன் தண்டிக்கு இருக்குமாக்கும்?

— அதைவிடப் பெருசு. ஆனா அதோட சூரியன ஒட்டியே சுத்துது. ரெண்டு நாள்ல ஒரு வருசம் முடிஞ்சிரும். இரும்பே உருகுற சூடு.

— நம்மூரு சித்திரை வெயிலு பரவாயில்லன்னு சொல்லு. அங்கனயேவா பொறந்துச்சு?

— இல்லங்க. எங்கயோ தூரத்துல, குளுந்த எடத்துல பொறந்திருக்கணும். பெறகுதான் உள்ள வந்திருக்கு.

— உன்னைய மாதிரி. சேவுகம்பட்டியில பொறந்து திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்துச்சாக்கும்.

— அப்பிடித்தான் வச்சுக்கங்களேன்.

— மொகத்தக்கூடத் திருப்பாதுன்னியே.

— ஒரு பக்கந்தான் எப்பவும் சூரியனப் பாக்கும். அந்தப் பக்கம் வெந்துக்கிட்டே இருக்கும். மறுபக்கம் விடியவே விடியாது. மேல இருக்குற காத்தெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாப் பிச்சுக்கிட்டுப் போகுது.

— தள்ளிப் போக வேண்டியதுதான?

— அதால ஏலாதுங்க.

— பாத்தியா, அது பேசாம இருக்கு. நீதான் ஆராய்ச்சி, பெங்களூரு, ஆறு மாசம்ங்கற. உனக்கு நான் என்ன கொற வச்சேன்? ஒரு நா பஸ்ஸுல நிக்க விட்டிருக்கேனா? ஞாயித்துக்கெழம பூசைக்குக்கூடத் தனியா அனுப்புனதில்ல.

— கொறையின்னு நான் சொல்லலையே. ஒத்தையில நடந்து பாக்கணும் போல இருக்குங்க. அம்புட்டுத்தான்.

— நடக்கணுமா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன. சாயங்காலம் நானும் வாரேன்.

— (தனியாக நடக்கவும் துணைக்கு வருகிறார்.)

— சிரிக்கிறியா அழுகுறியா, ஒண்ணும் வெளங்கல. இந்தா, போன் அடிக்குது. உங்க பெங்களூரு சாருதான். நீ எடுக்க வேணாம், எங்கிட்டக் குடு.

— எனக்கு வந்த போனுங்க.

— அப்ப வரலைன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிரு. வேறெதும் பேச வேணாம். நம்ம நல்லதுக்குத்தான் சொல்றேன், தாயி.

— வணக்கம் சார். மரியசெல்விதான் பேசுறேன்... நேத்தே எங்க வீட்டுக்காரர் பேசிட்டாரா... நான் மாசமா இருக்கேன்னா சொன்னார்... இல்ல சார். அப்படி ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமை வந்து சேந்துடுறேன்.