சேகர் பேசியபோது ஏறிய நாடி

"படுங்கடா! படு!"

குண்டு வரும் விசில் சத்தம். பிறகு வெடி. மண் கொட்டுகிறது. வடக்கு எல்லை. இப்போதுதான் விடிந்தது. பதுங்குகுழிக்குள் நானும் சேகரும். நான் திருத்தணி. அவன் அம்மையார்குப்பம், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். தண்ணீர் எடுக்கப் போன நாகராஜு வெளியே விழுந்து கிடக்கிறான். நகரிக்காரன். எங்கள் மூவரில் சின்னவன்.

"அண்ணா! கால் போச்சு அண்ணா!"

"நீ போ. நான் பின்னாலயே வர்றேன்," என்றான் சேகர்.

போனேன். நாகராஜுவின் தோளைப் பிடித்து இழுத்தேன். திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. அடுத்த விசில் எனக்குக் கேட்கவில்லை.

பிறகு இருட்டு. கண் திறக்கவில்லை. கை அசையவில்லை. ஒரு காது மட்டும் கேட்டது. தலையில் பாய்ந்த சில்லை எடுத்துவிட்டு, நினைவு திரும்புமா தெரியாது என்று ஊர்ப்பக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். மலைக்கோயில் ஒலிபெருக்கியைக் கேட்டுத்தான் திருத்தணி என்று தெரிந்துகொண்டேன். விரலில் ஒரு கிளிப். கையில் இறுகித் தளரும் பட்டை. நெஞ்சில் ஒயர்கள். தலைமாட்டில் ஒரு மிஷின். என் நாடி அதில் டிக், டிக் என்று ஓடியது.

சேகர் விடுப்பில் பார்க்க வந்தான். பக்கத்தில் என் மனைவி தேவகி.

"வேணாம் வேணாம்னு கத்திகினே இருந்தேன் அண்ணி. கேக்கல. உள்ள இருந்த நாகராஜுவையும் இழுத்துகினு ஓடினாரு."

பொய். கத்த முயல்கிறேன். வாய் அசையவில்லை.

"ஆங், அவரு அப்படித்தான். யார் பேச்சையும் கேக்க மாட்டாரு," என்கிறாள் தேவகி.

மிஷின் அலறியது. நர்ஸ் ஓடி வந்தார். "என்னம்மா பேசினீங்க? நாடி இப்படி ஏறுது!" சேகர் போய்விட்டான்.

எனக்கு நினைவு இருக்கிறதா என்று நாடியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மறுநாள் மூளையின் ஓட்டத்தைப் பார்க்கத் தலையில் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். கத்தி இல்லை. ஊசி இல்லை.

"வலது கையை மூடுற மாதிரி நெனைங்க. இப்ப விடுங்க."

நினைத்தேன். விட்டேன். மறுபடி. மறுபடி.

"நான் சொல்லும்போதெல்லாம் மிஷின்ல கோடு மாறுதும்மா. நீங்க பேசறது இவருக்குக் கேக்குது."

தேவகி அழுதாள். சந்தோஷமா, பயமா, தெரியவில்லை.

பேச்சு திரும்பப் பல மாதம் ஆனது. நடந்ததைச் சொன்னேன். அதற்குள், நாகராஜு செத்தது பற்றிய பட்டாள விசாரணையில் சேகர் சொன்னதே நின்றுவிட்டது. அடிபட்ட தலை, ஞாபகம் குழம்பியிருக்கும் என்றார்கள். தேவகியும் அதையே சொன்னாள்.

ஊன்றுகோலோடு நகரிக்கு பஸ் ஏறினேன். நாகராஜுவின் அப்பா என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"சும்மா இருந்தவனை ஏன் நைனா இழுத்துகினு போன?"

போனவை இவை. நாகராஜு. முழங்காலுக்குக் கீழே என் வலது கால். இடது காது. சேகர் உயிரோடுதான் இருக்கிறான். போனவர்களில் அவனையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். தேவகி இன்றும் எனக்குச் சோறு போடுகிறாள்.

அவளையும்.