ஸ்கொட்லாந்துத் தீவுக் குடும்பத்தை விசாரித்தவர்

"ஐந்நூறு வருசத்துக்கு முந்தின குடும்பமெண்டாலும், கூடாததைச் சொல்லலாமா?"

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர் படகுக்கு நின்றபோது, எனக்கு முன்னாலிருந்த கண்ணாடிக்காரி கேட்டார். ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவருக்காக, பதினாறாம் நூற்றாண்டில் ஒரு தீவில் வாழ்ந்த அவருடைய முன்னோரைப் பழைய ஆவணங்களில் தேடிக் கொடுக்கிறாராம். பக்கத்தில் கல்யாணக் கார்டுக் கட்டோடு, அவரை அக்கா முறையில் ராத்தா என்றழைக்கும் தோழி.

"என்ன ராத்தா கண்டனீங்கள்?"

"கப்பல் கொள்ளை. ஒருத்தன் சொந்தத் தம்பியையே கிணத்துக்குள்ள தள்ளியிருக்கான்."

"அல்லாஹ்! அந்தாளுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"கடல் தொழில், சகோதரங்களோட நல்ல ஒற்றுமை எண்டு எழுதினன். விசாரிக்கச் சொன்னா நாலு நல்லதைத்தானே சொல்லோணும்."

தோழி கார்டுக் கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"ராத்தா, என்ர மகள்ட மாப்பிள்ளை வீட்டை விசாரிச்சிட்டு வந்தும் நீங்கள் இதைத்தானே சொன்னனீங்கள்?"